உழைப்புக்கா, விலைக்கா?

நடுவர் அவர்களே! "உழைக்கிறவனுக்குக் கூலி கொடுத்தா என்ன தப்பு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். தப்பே இல்லை ஐயா! ஆனால் வீட்டுத் தரகில் நாம் உழைப்புக்கா கூலி கொடுக்கிறோம்?

குருபரப்பள்ளிக்கு வாருங்கள். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, சிப்காட் வந்த ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். தரகரும் மூன்றும் பேசுவார். நம்மிடம் மட்டும் நாலாவது மொழி பேசுவார்: 'பர்சென்ட்'! (சிரிப்பு)

மகள் கல்யாணத்துக்காக ஒருவர் 40 லட்ச ரூபாய் வீட்டை விற்கிறார். தரகு இரண்டு பக்கமும் 2 சதவீதம் என்று வையுங்கள். ஆளுக்கு 80,000, சேர்த்து 1,60,000! 20 லட்ச வீட்டுக்கும் அதே நடை, அதே போன், தரகோ பாதி!

"நல்ல விலை வாங்கித் தருவாரே" என்கிறார்கள். ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் ஒரு லட்சம் கிடைக்கும். அதில் விற்பவருக்கு 98,000, தரகருக்கு இரு பக்கமும் சேர்த்தே 4,000. அதற்காக அவர் பொறுப்பாரா? "வந்த விலைக்கு முடிச்சிடுங்க சார்" என்பார்.

அமெரிக்காவில் லெவிட், சைவர்சன் என்ற பொருளியல் அறிஞர்கள், சிகாகோ வட்டார வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். தரகர் தன் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கிறாராம், விலையும் 3.7 சதவீதம் கூடுதலாம்! (கைதட்டல்)

வில்லங்கச் சான்றும் பட்டாவும் இன்று இணையத்திலேயே பார்க்கலாம். மிச்ச வேலைக்குத் தரகர் வரட்டும். சதவீதம் பேசாமல், தொகை பேசி வரட்டும்! அதுதான் உழைப்புக்குக் கூலி என்று கூறி அமைகிறேன்.