குடும்பச் செலவும் கூடுதல் வருவாயும்
(ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சிக்கனம் என்று நாம் பேசத் தொடங்கினாலே ஆண்கள் அடுக்களையைத் திரும்பிப் பார்க்கின்றனர். எண்ணெய் அதிகம் செலவாகிறது, எரிவாயு உருளை சீக்கிரம் தீர்கிறது என்று பெண்கள் மீது குறை காண்கின்றனர். மேலப்பாளையத்து அடுக்களைகளில் குறைப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே நமது கணிப்பு. மீன் விலை ஏறிய அன்றே நம் பெண்கள் பருப்பு ஆணத்திற்கு மாறிவிடுகின்றனர். அதை எவரும் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கத் தேவையில்லை.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. உதவி நாடி வருவோரின் கணக்கைப் பொறுமையாகக் கேட்டால், பெரும்பாலும் அது ஒரு வைபவத்தில் போய் நிற்கிறது. மகளுக்குச் சீர், சுன்னத்துக் கல்யாணத்திற்குப் பந்தல், குழந்தைக்குப் பெயர் சூட்ட விருந்து. (அகீகாவுக்கு மார்க்கம் கேட்பது ஆடு. வண்ண விளக்குகளை யார் கேட்டார்கள்?) அதற்காக நகை அடகுக்குச் செல்கிறது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அறிந்தே இறங்குகிறோம் என்பதுதான் வேதனை.

அந்த வட்டியைக் கட்ட உழைப்பவர் யார்? தறியோசை கேட்ட நமதூர்த் தெருக்களில் இன்று சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். முதுகு வளைந்து, புகையிலைத் தூளைச் சுவாசித்து அவர்கள் ஈட்டும் கூலி அடகுக் கடைக்குச் செல்கிறது. கணவரோ 12 ரூபாய்த் தேநீரை நாளொன்றுக்கு மூன்று முறை அருந்துகிறார். அதுவும் மாதம் 1,080 ரூபாய்.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றை நினைவூட்டுவது நமது கடமை. குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு கணவருடையது. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) கைத்தொழில் செய்து கணவருக்கும், தம் பராமரிப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிட்டார்கள். அதற்கு இரு நன்மைகள் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்: ஒன்று உறவைப் பேணியதற்கு, மற்றொன்று தர்மத்திற்கு. ஆக, மனைவி தருவது தர்மம். கணவர் உரிமையோடு கேட்டு வாங்கும் பணமல்ல.

இளைஞர்களுக்கு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு போதும். மக்காவிலிருந்து மதீனா வந்த அவர்களுக்குத் தமது செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் பின் ரபீஃ (ரலி) முன்வந்தார்கள். அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டுச் சென்று, பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார்கள். விரைவிலேயே திருமணமும் முடித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மண்டபம் பேசப்படவில்லை.

கடையில் வேலை பார்க்கும் இளைஞர் மாலையில் இரு சக்கர வாகனப் பழுது நீக்கப் பழகலாம். பெண்கள் தையல், இடியாப்பம், மசாலாத் தூள் எனத் தொடங்கலாம். உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று கைப்பேசியில் செய்தி அனுப்பி முதலில் பணம் கட்டச் சொல்வோரை நம்பவே வேண்டாம். கூடுதலாக வரும் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியே வைத்து, முதலில் அடகிலுள்ள நகையை மீட்பதே அறிவுடைமை. கலந்துவிட்டால் அடுத்த வைபவம் அதை விழுங்கிவிடும்.

நிர்வாகக் குழுவினரிடம் நமது கோரிக்கை ஒன்றுண்டு. பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, தொழிற்கருவி வாங்குவோருக்கு மட்டும் அதை வழங்க வேண்டும். தையல் எந்திரம் கேட்டு வரும் சகோதரிக்கு முதலிடம் கிடைக்கட்டும். மண்டப வாடகைக்குக் கடன் கேட்டு வருவோரை நம்மிடம் அனுப்பி வையுங்கள், நாம் பேசிக்கொள்கிறோம்.