பல்லாங்குழியும் சொங்காக்கும்: உறவைப் பலகையில் தேடலாமா?

மலாய் வீடுகளின் சொங்காக் நம் பல்லாங்குழியின் பிள்ளை, தோட்டத் தமிழரோடு கப்பலேறி வந்தது என்று நண்பர்கள் மேடைதோறும் சொல்லி வருவதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் காட்டும் சான்று பலகை ஒன்றுதான்: எதிரெதிரே இரு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. ஆட்டத்தின் குலம் மரத்தில் இல்லை, காய் நகரும் முறையில் இருக்கிறது.

பல்லாங்குழியின் 14 குழிகளிலும் ஐந்தைந்து புளியங்கொட்டை இருக்கட்டும். 1ஆம் குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டால் 6இல் முடியும். அடுத்த குழியை அள்ளுவதே நம் விதி. 7ஐ அள்ளினால் 12இல் முடியும். 13ஐ அள்ளினால் சுற்றி வந்து 4இல் முடியும். 5இல் இப்போது ஆறு காய், அவை 11 வரை போகும். 12இலும் ஆறு, அவை மீண்டும் 4இல் நிற்கும். அடுத்த 5 வெறுங்குழி. அதைத் தடவிவிட்டு 6இல் உள்ள ஏழு காயையும் எடுக்கலாம். வழியில் எந்தக் குழியிலும் நான்கு சேரவில்லை, ஆகவே 'பசு' என்னும் நான்கு காய்ப் பிடிப்பும் இல்லை. இப்போது 1க்குப் பதில் 3இல் தொடங்கிப் பாருங்கள்: அதே ஐந்து அள்ளல், அதே ஏழு காய். எல்லாக் குழியும் சமமாக நிறைந்த வட்டத்தில் தொடக்கம் என்று தனியிடம் கிடையாது. எந்தப் பக்கத்துக் குழி வெறுமையாகிறது என்பதே மாறும். சொங்காக்கில் இந்தச் சமம் குலைகிறது. குழிக்கு ஏழு காய். இரு முனையிலும் 'ரூமா' என்னும் வீடு. தன் வீட்டில் காய் போட்டு எதிரி வீட்டைத் தாண்டுவார்கள். தன் வீட்டிலிருந்து ஏழாவதாக உள்ள குழியை அள்ளினால் கடைசிக் காய் வீட்டில் விழும், மறு ஆட்டம் கிடைக்கும். மற்ற ஆறு குழிகளுக்கு அந்த வாய்ப்பு முதல் அள்ளலிலேயே இல்லை. தொடர்ந்து அள்ளுவதும் வேறு: கடைசிக் காய் விழுந்த குழியையே அங்கே அள்ளுவார்கள்.

ஊருக்கு ஊர் விதி மாறுமே என்பார்கள். மாறும், எதிர்க்குழியையும் சேர்த்து எடுக்கும் ஊர்கள் உண்டு. ஆனால் வீடில்லாத வட்டம் வட்டமாகவே நிற்கிறது. வீடு பின்னால் சேர்ந்திருக்கலாம் என்றால், இடைநிலை ஆட்டம் ஒன்றைக் காட்டட்டும். ஜாவாவின் டாக்கோன், பிலிப்பைன்ஸின் சுங்கா இரண்டுக்கும் வீடு உண்டு. கப்பலேறி வந்தது என்றால் காலமும் இடமும் ஒத்துவர வேண்டும்: மலேசியாவின் கேரி தீவில் தோட்டம் எழுந்ததோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிலிப்பைன்ஸுக்கு எந்தத் தோட்டத் தமிழர் போனார்?

நேரம் குறைவு, மீதியைக் குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு, பன்னிரண்டு காய்த் தொடக்கங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இலங்கை விதிகளைத் தனியே தொகுக்க வேண்டும். மலேசியாவின் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், கேரி தீவு மூன்றிலும் பாட்டிமார் நினைவில் உள்ள விதிகளை, மலாய்க்காரர் வீட்டு விதிகளோடு, இரு தரப்பாரும் காய் போடும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைப் படம் பிடித்தது போதும்.