எந்த டிஸ்க்கைப் போடுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓசூர் சிப்காட்டில் சிறு பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று தனி ஆட்கள் உண்டு. நாலு லேத்தும் ரெண்டு கம்ப்யூட்டரும் வைத்திருப்பவர் நிலை வேறு. ஒரு மெஷின் படுத்தால் அன்றைக்கு டிஸ்பாட்ச் கிடையாது. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "லினக்ஸ் போடலாம்ங்கறீங்க, எந்த சி.டி. சார் வேணும்?"

1996-இல் பிசி க்வெஸ்ட் பத்திரிகையோடு லினக்ஸ் சி.டி. வந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. வந்ததைப் போட்டோம். டெலிபோன் லைனில் ஒரு சி.டி.யை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகுமே! பிறகு 2005-இல் டெபியன் 3.1 வந்தது, பதினாலு சி.டி. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு போய் மொத்தத்தையும் வாங்கி வந்தவர்கள் உண்டு. அவசியமே இல்லை. அதிகம் பேர் உபயோகிக்கிற பேக்கேஜ்கள் முதல் டிஸ்க்கில் வருகிற மாதிரிதான் டெபியன்காரர்கள் அடுக்குகிறார்கள். முதல் டிஸ்க் போதும், மீதியை நெட்டில் எடுக்கலாம். சோர்ஸ் டிஸ்க் என்று தனியாக இருக்கும். இன்ஸ்டால் பண்ண அது வேண்டியதில்லை.

இன்றைக்கு எல்லாம் பென் டிரைவ்தான், ஆனாலும் டிஸ்க் இமேஜ் என்றே சொல்கிறோம். அங்கே ஒரு பெயர்க் குழப்பம். "என்னோடது இன்டெல் சார், ஏ.எம்.டி.64 எதுக்கு?" என்று பையன்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த 64 பிட் முறையை முதலில் வகுத்தது ஏ.எம்.டி. கம்பெனி, அதனால் அந்தப் பெயர். இன்டெல்லுக்கும் அதேதான். உண்மையிலேயே பழைய 32 பிட் மெஷின் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 உதவாது, அதற்கு 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. 12-இன் டிஸ்க்கை எடுத்து வையுங்கள்.

பட்டறையில் நெட் ஒழுங்காக இருந்தால் நெட்இன்ஸ்ட் என்கிற சின்ன இமேஜ் போதும். இல்லையென்றால் முதல் டி.வி.டி. இமேஜை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். இறக்கியதும் எஸ்.எச்.ஏ.256 எண்ணைச் சரிபார்க்க ரெண்டு நிமிஷம். பாதி இன்ஸ்டாலில் பைல் கெட்டது தெரிந்து முதலாளி முன்னால் விழிப்பதைவிட அது மேல்.

மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. லினக்ஸ் சி.என்.சி. போடுவதாக இருந்தால் அவர்களே தருகிற இமேஜை எடுங்கள், நேரம் தவறாத ரியல்டைம் கெர்னல் அதோடு வருகிறது. சாதாரணக் கெர்னல் ஒரு பல்ஸைத் தாமதமாக அனுப்பினாலும் ஸ்டெப்பர் மோட்டார் தடுமாறும், ஜாப் வீண்.

அப்புறம், டேலி ஓடுகிற மெஷினில் கை வைக்காதீங்க. அது விண்டோஸுக்கு எழுதியது; கணக்குப்பிள்ளையைக் கேட்காமல் எந்த டிஸ்க்கும் வேண்டாம்.

32 பிட் டிஸ்க் இப்பவும் என் பையில் இருக்கிறது. வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து காப்பி எடுத்துக்கலாம்.