மூன்று நாள் கோபமும் அறுபதாம் நாள் கேள்வியும்

(மேலவளவுப் போராளிகள் நினைவுப் பேருரை, கீழக்குயில்குடி)



1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் பேருந்தில் வந்த தோழர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நமக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிட்டு வென்றதுதான் அவர்கள் செய்த குற்றம். அன்று அந்தப் பேருந்தில் யார் கையிலும் கேமரா இல்லை. ஆனாலும் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்களும் கண்ணால் கண்டவர்களும் மிரட்டலுக்கு நடுவே நீதிமன்றப் படியேறி, கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை, ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள்.

இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. அப்படியென்றால் நாம் அவர்களைவிட வலுவான சாட்சிகளாக ஆகியிருக்க வேண்டும். ஆகியிருக்கிறோமா? இந்த உரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

முதலில் எங்கள் தவறிலிருந்து தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பையன் ஒருவனைச் சிலர் கட்டிவைத்து அடிக்கும் காணொளி எங்களுக்கு வந்தது. கொதித்துப்போய் அப்படியே பகிர்ந்தோம். முகத்தை மறைக்கவில்லை, ஊரை விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் தாய் தொலைபேசியில் அழைத்தார். “ஏம்ப்பா, எம்புள்ள அடிவாங்குறத இன்னும் எத்தன பேரு பாக்கணும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடித்தவன் அந்தக் காணொளியை எடுத்ததே அவமானத்தைப் பரப்புவதற்குத்தான். அவனுக்குச் செலவில்லாமல் அந்த வேலையை நாங்கள் செய்து கொடுத்திருந்தோம். அதைவிட வெட்கம், வழக்கு என்ன ஆனது என்று அவர் சொல்லும்வரை எங்களில் ஒருவரும் விசாரித்திருக்கவில்லை.

இது எங்கள் தவறு மட்டுமல்ல, நம் எல்லோருடைய பழக்கமாகவும் ஆகிவிட்டது. ஒரு வன்கொடுமை நடந்தால் முதல் நாள் பகிர்வு, இரண்டாம் நாள் கண்டனம், மூன்றாம் நாள் நமக்குள்ளேயே சண்டை. நான்காம் நாள் வேறு செய்தி வந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் நாட்காட்டி வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நம் கோபத்துக்கு ஆயுள் மூன்று நாள். மீதி 57 நாளும் குற்றவாளிக்கும் கடமை தவறும் அதிகாரிக்கும் நாம் விட்டுக்கொடுக்கும் நாட்கள்.

காணொளி இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கேமராவுக்கு வெட்டிய கைதான் தெரியும், சதி தெரியாது. சதியைத் தனியே நிரூபிக்க வேண்டும். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் படித்தோம்?

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து அவர் கடத்தப்பட்டார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வெளியிட்டார். அவற்றைப் பரப்பிக் கொண்டாடவும் ஆள் இருந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆனாலும் கோகுல்ராஜின் தாய் விடவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. கோயில் கேமராப் பதிவு சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை வழங்கியது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. குற்றவாளி செல்பேசியை வீரம் காட்டப் பயன்படுத்தினார். ஒரு தாயும் வழக்கறிஞர்களும் எட்டாண்டுகள் கோப்பை மூடவிடாமல் வைத்திருந்தார்கள்.

ஆகவே பழக்கத்தை மாற்றுவோம். நாங்கள் முன்வைப்பவை எளியவை. சம்பவக் காணொளி கிடைத்தால் முதலில் பாதுகாப்போம், பிறகு பகிர்வோம். எடுத்தவரின் செல்பேசியில் உள்ள மூலக்கோப்பை அழிக்கவிடக் கூடாது. கைமாறிக் கைமாறி வாட்ஸ்அப்பில் வருவது தரம் குறைந்து, எடுத்த நேரம் முதலான விவரங்களை இழந்துவிடும். நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் முகத்தை வெளியிடாதீர்கள். உறுதியாகத் தெரியாததைப் பகிர்ந்துவிட்டால், பகிர்ந்த இடத்திலேயே தவறு என்று எழுதுங்கள். சத்தமில்லாமல் அழிப்பது திருத்தம் ஆகாது. அவர்களின் அரிவாள் ரீல்ஸுக்குப் பதில் ரீல்ஸ் போடும் நம் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறோம்.

60ஆம் நாள் மறுபடி எழுதுங்கள்: குற்றப்பத்திரிகை எங்கே? மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடியதா, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15அ பிரிவின்படி, இச்சட்ட வழக்குகளின் நடவடிக்கைகளை அரசே காணொளியில் பதிவு செய்ய வேண்டும். நாம் பார்க்கத் துடிக்க வேண்டிய காணொளி அதுதான். அதை இதுவரை எத்தனை வழக்குகளில் கேட்டிருக்கிறோம்?

தீர்ப்போடும் வேலை முடிவதில்லை. 2019 நவம்பரில் மேலவளவு வழக்கின் தண்டனைக் கைதிகள் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். நம்மில் பலருக்கு அது செய்தியாகத்தான் தெரிய வந்தது.

இங்கே பின்னால் நிற்கும் சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் பாருங்கள். தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் செய்தவர் யாரென்று தெரிகிறது. இதே மண்ணில்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால், பிறப்பைக் காரணம் காட்டிப் பிரமலைக் கள்ளர் மக்களின் ரேகையையும் பதிவேட்டில் ஏற்றியது வெள்ளை அரசு. அதுவும் பதிவுதான், மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பற்றி எழுதிய பதிவு. நாம் எழுத வேண்டியது அதிகாரத்தைப் பற்றிய பதிவேடு. அதில் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும். முகமூடிக் கணக்கின் வசையை எந்த அதிகாரியும் பொருட்படுத்துவதில்லை.

அந்தத் தாயிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். வழக்கு எண்ணை வாங்கி எழுதிக்கொண்டோம். இப்போது வாய்தா தேதி வரும்போதெல்லாம் எங்களில் ஒருவர் அவருடன் போகிறார். அதை நாங்கள் படம் எடுத்துப் போடுவதில்லை.

இன்று கூட்டம் முடிந்ததும், உங்கள் ஊரில் நிலுவையில் இருக்கும் ஒரு வழக்கின் எண்ணை இந்த நோட்டில், உங்கள் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த ஜூன் 30 அன்று இதே நோட்டை எடுத்து வருவோம். ஜெய்பீம்.