உதவித்தொகை வரும் வரைக்கும்

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். நாற்பதாவது வளைவில் சிலர் எலுமிச்சம்பழம் கேட்டதாகவும், ஐம்பதாவது வளைவில் "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று ஒரு பேராசிரியரே கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். தேர்வு அறையில் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று சாருக்கு இப்போது புரிந்திருக்கும்.

இது வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது. ஓரியிடம் பரிசில் வாங்க வந்த பாணர்களிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

விழாக்குழுவினர் என்னை என் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கியர் பாக்ஸ் டிசைன் செய்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கி விடுவீர்கள். அதனால், "படிக்கப் பணம் எங்கே கிடைக்கும், ஏன் கிடைக்காமல் போகிறது என்று பேசுகிறேன்" என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் என் கதை. சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

நான் 2010-ல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகுக் கொடி, நாலைந்து பலா மரம், மீதி நிலத்தில் மரவள்ளி. கவுன்சலிங்குக்காக இருவரும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அப்பா அதற்கு முன் சேலத்தைத் தாண்டியதில்லை. நான் பழங்குடியினர் பள்ளியில் படித்தவன். நாங்கள் மலையாளி இனம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டலில் ஒரு சீனியர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "மலையாளியா? சேட்டா, கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்டார். அவர் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சேட்டா, ஊர் இதுதான். வந்து சேர்ந்ததற்கு நன்றி.

அந்த 2010-ல்தான் தமிழக அரசு முதல் பட்டதாரி கட்டணச் சலுகையைக் கொண்டு வந்தது. குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், ஒற்றைச் சாளர கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு டியூஷன் கட்டணச் சலுகை. சாதி வரம்பு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்றே எங்கள் ஊரில் அன்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் கேட்டால், "அப்படி ஒரு சர்டிபிகேட்டே கிடையாதே தம்பி" என்றார்கள். புதுத் திட்டம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத் தாலுகா அலுவலகம் கீழே நாமக்கல்லில். இப்போது கொல்லிமலைக்கே தனித் தாலுகா இருக்கிறது. அப்பா மூன்று தடவை மலை இறங்கி ஏறினார். மூன்று நாள் கூலி, பஸ் சார்ஜ் போச்சு. நாலாவது தடவைதான் சான்றிதழ் கையில் வந்தது.

எனக்குக் கிடைத்தது. என் ரூம் மேட்டுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் கிடைத்தது. ஆனால் எப்போது கிடைத்தது என்பதுதான் விஷயம்.

அவரும் இதே மலைக்காரர், என்னைவிட நல்ல மார்க். முதல் வருடம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு இருவரும் ஒரே நாளில் எழுதிப் போட்டோம். என் வங்கிக் கணக்கில் பெயர் சரியாக இருந்தது. அவருடைய கணக்கில் இன்ஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து வேறு. திருத்தி மறுபடி அனுப்பினார்கள். அதற்குள் மூன்றாவது செமஸ்டர் வந்துவிட்டது. மெஸ் பில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. அவருடைய அப்பா ஹாஸ்டலுக்கு வந்து என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏப்பா, சர்க்கார்ல பணம் சேங்ஷன் ஆயிருச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு மறுபடியும் எங்கிட்ட கேக்கறாங்க?" என்னிடம் பதில் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவர் கணக்கில் பணம் வந்து விழுந்தது.

இன்று காலை உங்களில் சிலரைக் காரவள்ளியிலிருந்து மேலே கொண்டு வந்த வேன் அவருடையதுதான். பெயரைச் சொல்ல வேண்டாம், விஷயத்தைச் சொல்லு என்று அவரே சொன்னதால் சொல்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறார். வண்டியும் சொந்தம். ஆனாலும் சில மாதங்கள் தாக்குப் பிடிக்க முடிந்திருந்தால் அவர் இன்று வேனுக்கு வெளியே நிற்காமல் இந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருப்பார்.

இந்நாள் மாணவர்களே, நோட்டுப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி, தங்கைகளுக்கும் இது வேண்டும்.

ஒன்று, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் உண்டு. 1944-ல் எஸ்.சி. மாணவர்களுக்காக ஆரம்பித்த திட்டம் இது. பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் இருக்கின்றன. மத்திய பழங்குடியினர் அமைச்சகத்தின் உயர்தரக் கல்வி உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது. அது ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் சேரும் எஸ்.டி. மாணவர்களுக்கு, வருமான வரம்பு 6 லட்சம்.

இரண்டு, 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எங்கள் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான். நமக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று, மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-லும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-லும் தொடங்கப்பட்டன. ஆயிரம் ரூபாய் என்னத்துக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். மலை இறங்கி ஏற பஸ் சார்ஜ், ஜெராக்ஸ், சோப்பு, ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதில்தான்.

நான்கு, பொறியியல், டிப்ளமா படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். மாற்றுத்திறன் மாணவர்களுக்கு இதே போல் சக்ஷம் இருக்கிறது.

ஐந்து, கல்விக் கடன். இதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. எங்களிடம் கேட்டார்கள், விதி தெரியாமல் திரும்பி வந்தோம். நீங்கள் அப்படித் திரும்பி வராதீர்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்வான கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் அதில் வருகிறது. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

விதிகள் வருடா வருடம் மாறும். கல்லூரி அலுவலகத்தில் ஒட்டும் சுற்றறிக்கையை ஒவ்வொரு வருடமும் படியுங்கள். கிரிக்கெட் டீம் லிஸ்ட்டைப் படிக்கும் அக்கறையோடு படித்தால் போதும்.

இவ்வளவு திட்டங்கள் இருந்தும் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்? நான் பார்த்த வரையில் மூன்று இடம்.

முதலாவது சாதிச் சான்றிதழ். மற்ற பிரிவினருக்குப் போல் அல்ல, எஸ்.டி. சான்றிதழை 1989 நவம்பரிலிருந்து ஆர்.டி.ஓ. அளவில்தான் கொடுக்கிறார்கள். விசாரணை நடக்கும், நாள் ஆகும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கவுன்சலிங் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களைக் குறித்து எழுதினார்கள். கொல்லிமலை அன்று சேலம் மாவட்டம், அதனால் நாங்கள் உள்ளே. அன்றைய கோயமுத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கும் எங்கள் இனத்தார் வெளியே நின்றுவிட்டார்கள். எத்தனையோ வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். தகுதி என்பது மார்க்கை மட்டும் வைத்து வருவதல்ல, என்றோ யாரோ எழுதிய ஒரு வரியை வைத்தும் வருகிறது. அந்த வரி உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது அதை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது பெயரும் வங்கிக் கணக்கும். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பாஸ் புக் நாலிலும் ஒரே எழுத்து, ஒரே இன்ஷியல் இருக்கட்டும். கணக்கு மாணவர் பெயரில், ஆதார் இணைத்ததாக, நடப்பில் இருக்கட்டும். என் நண்பரின் படிப்பு ஓர் எழுத்தில் போனது.

மூன்றாவது, தேதி. கட்டணம் ஜூலையில் கேட்பார்கள். உதவித்தொகை அடுத்த ஜனவரியிலோ, மார்ச்சிலோ, சில சமயம் அதற்கும் பிறகோ வரும். இந்த இடைவெளியைச் சான்றிதழ் வைத்து நிரப்ப முடியாது. இதற்கு ஆள் வேண்டும்.

இங்கேதான் முன்னாள் மாணவர்களிடம் நான் உரிமையோடு பேசப் போகிறேன்.

நாம் வருடா வருடம் முதல் மாணவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிறோம். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மாணவர் எப்படியும் படித்து முடித்து விடுவார். மூன்றாவது செமஸ்டரில் மெஸ் பாக்கியோடு பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பையன் நம் கண்ணில் படுவதே இல்லை. என் யோசனை இரண்டுதான்.

சங்கத்தில் ஒரு சுழல் நிதி வைப்போம். உதவித்தொகை சேங்ஷன் ஆகி இன்னும் கைக்கு வராத மாணவருக்கு ஒரு செமஸ்டர் ஹாஸ்டல், மெஸ் தொகையை வட்டியில்லாமல் கொடுப்போம். பணம் வந்ததும் அவர் திருப்பிக் கட்டட்டும், அதே பணம் அடுத்தவருக்குப் போகட்டும். 2014-ல் படிப்பு முடித்த எங்கள் செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து இரண்டு வருடமாகச் சின்ன அளவில் இதைச் செய்து வருகிறோம். இதுவரை யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஒரு பெண் மட்டும் தாமதமாகக் கட்டினார். கட்டும்போது கூடுதலாக ஐந்நூறு ரூபாய் வைத்து, "இது அடுத்தவங்களுக்குண்ணா" என்றார்.

இரண்டாவது, அட்மிஷன் நேரத்தில் கல்லூரியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஆளுக்கு இரண்டு சனிக்கிழமை வந்து உட்காருங்கள். வரும் பெற்றோரின் காகிதங்களை வாங்கிப் பாருங்கள். பெயர் பொருந்துகிறதா, வருமானச் சான்றிதழ் இந்த வருடத்ததா, கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மெஷின் டிராயிங்கில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை. நம்மில் பலருக்குப் பணம் கொடுப்பது சிரமமாக இருக்கலாம். இதற்குப் பணம் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒன்று. மெஸ் பாக்கி இருக்கிறது என்பதை மறைத்துக்கொண்டு இருக்காதீர்கள். என் நண்பர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அப்பா வந்து கேட்டபோதுதான் எனக்கே தெரியும். ரூம் மேட்டிடம் சொல்லுங்கள், வார்டனிடம் சொல்லுங்கள், எங்களில் ஒருவருக்குச் சொல்லுங்கள். கேட்பது அவமானம் இல்லை. இந்த மலையை ஆண்டவனிடம் கேட்டு வந்தவர்களைத்தான் புலவர் என்றும் பாணர் என்றும் நாம் இன்றும் படித்துக்கொண்டு இருக்கிறோம்.

சாயங்காலம் இறங்கும்போது அதே வேனில்தான் சிலர் போவீர்கள். டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். நம் ஹாஸ்டலைப் பற்றி நிறையக் கேட்பார்.