குனிய வைக்கும் பிடி

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவான் என்றுதான் கூப்பிட்டிருப்பீங்க. நான் களைக்கொட்டின் பிடியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் கலிபோர்னியாவில் இருந்த ஒரு பிடியைப் பற்றி.

எர்கானமிக்ஸ் என்றொரு துறை இருக்கிறது. 1857-இல் போலந்து நாட்டு யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி உண்டாக்கிய சொல். இன்றைக்கு அதன் சாரம் இதுதான்: கருவி உடலுக்குப் பொருந்த வேண்டும், கருவிக்காக உடலை வளைக்கக் கூடாது. நல்ல கொள்கை. ஆனால் யாருடைய உடல்? அதுதான் நம்ம கேள்வி.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கின பிறகு, விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். முதலில் விமானியின் பிழை என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் இறக்கை மடலுக்கும் ஒரே மாதிரிக் கைப்பிடிகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரமும், மற்றதில் ஆப்பு மாதிரித் துண்டும் மாட்டினார். பிழை நின்றது. குற்றம் மனிதனிடம் இல்லை, வடிவமைப்பில் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதே நாட்டின் வயலுக்கு வருவோம். லெட்டூஸ், சர்க்கரை பீட் பயிர்களில் களையெடுத்து நாற்றுக் கலைத்தவர்கள் மெக்சிக்க, பிலிப்பைன்ஸ் கூலிகள். அவர்கள் கையில் 'எல் கோர்ட்டீட்டோ'. குட்டையானது என்று அர்த்தம். பிடி கூடிப்போனா ரெண்டடி. நாள் முழுக்க இடுப்பை மடக்கிக்கிட்டே வேலை. முதுகெலும்புத் தட்டுகள் தேய்ந்து, சின்ன வயசிலேயே நிமிர முடியாமல் போனவர்கள் நிறைய. விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் இதைப் பிடித்தவர்தான். முதுகுவலி அவரை விடவே இல்லை.

பண்ணையார்கள் என்ன சொன்னாங்க? குட்டைப் பிடி இருந்தால்தான் வேலை சுத்தமா இருக்குமாம். அவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. மேஸ்திரி தூரத்தில் நின்று பார்த்தாலே போதும், எவன் நிமிர்ந்திருக்கிறானோ அவன் வேலை செய்யலை. அந்தப் பிடியே கங்காணி.

1972-இல் ஏழைகளுக்கான சட்ட உதவி வழக்கறிஞர்கள் தொழிலாளர்கள் சார்பில் மனுப் போட்டார்கள். 1973-இல் அரசு நிராகரித்தது. காரணத்தைக் கவனியுங்க: கருவியில் பழுதில்லை, பயன்படுத்தும் விதத்தில்தான் தீங்காம். உடம்பு உடைஞ்சாலும் காம்பு உடையலை, அதனால் கருவி நல்ல கருவி! 1975 ஜனவரியில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைக் குறுகிய பார்வை என்று தள்ளியது. வழக்கமாகப் பயன்படுத்தும்போதே ஊனப்படுத்தினால் அது ஆபத்தான கருவிதான். அந்த ஏப்ரலில் தடை வந்தது. லெட்டூஸ் விளைவது நின்றுவிடவில்லை.

ஆனால் குனிவும் நின்றுவிடவில்லை. பிடியைப் பிடுங்கினால் வெறுங்கையால் களை பிடுங்க வைத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதி வர 2004 ஆனது.

நான் வங்கி எழுத்தர். என் நாற்காலி ஏறும், இறங்கும், சுழலும். காலையில் அதே கூடத்தைப் பெருக்க வரும் அம்மாவின் கையில் குட்டை விளக்குமாறு. நாற்காலி வாங்கினவங்களுக்கு அந்த அம்மாவின் முதுகு கணக்கில் வரவில்லை. 1936-இல் அம்பேத்கர் சாதியை உழைப்பாளிகளையே படிப்படியாகப் பிரிக்கும் ஏற்பாடு என்றார். அந்தப் படிவரிசை கருவியின் நீளத்திலும் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாக் கருவிக்கும் நல்ல பிடி கேட்க முடியாது. மலக்கூடைக்கு எந்தப் பிடி பொருந்தும்? 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்ட பிறகும் மனிதன் குழிக்குள் இறங்கிச் சாகிறான். அங்கே சீர்திருத்த ஒன்றுமில்லை. அந்த வேலையையே ஒழிக்க வேண்டும். எது திருத்த வேண்டியது, எது ஒழிக்க வேண்டியது என்று பிரித்தறிவதுதான் அரசியல்.

பொறியியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊரில் களைக்கொட்டு, விளக்குமாறு, குப்பை வண்டி, சாந்துச்சட்டி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்க. பிடிப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்க. அந்தக் கணக்கோடு நகராட்சி வாசலுக்குப் போவோம். அனுதாபம் கேட்க வேண்டாம். நிமிர்ந்து வேலை செய்யும் உரிமையைக் கேட்போம்.