அறிவுக்குப் பஞ்சமில்லை, ஆதரவுக்கே பஞ்சம்!

(ஹெவ்லொக் டவுனில் நடைபெற்ற சிறு வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கு அருகேதான் அன்று வெள்ளவத்தை நெசவாலை இயங்கியது. இன்று அந்நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி மாடங்கள் வானளாவி நிற்கின்றன. ஆலை மறைந்தது, ஆயினும் சுற்றிலுமுள்ள சந்துகளில் தையல் இயந்திரங்களின் ஓசை ஓயவில்லை. அந்த எளிய வணிகருக்குப் புதுமை காணும் பண்பைக் கற்பிக்க வேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். கற்பிக்க இவர்கள் யார்?

2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். எரிவாயு கிடைக்கவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. ஆகஸ்டில், லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாயாயிற்று. இடியப்பம் அவித்து விற்ற தாய்மார் விறகடுப்பு மூட்டினர். தையற்காரர் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து இரவைப் பகலாக்கினர். எந்தப் பள்ளி இவர்களுக்கு இதைக் கற்பித்தது? பசியே ஆசான், பிழைப்பே பாடம்!

அறிவு இருக்கிறது. அப்படியானால் இல்லாதது எது? தோற்றாலும் மீண்டெழும் வாய்ப்பு! கோயம்புத்தூர் முருகானந்தம் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஏழைப் பெண்களுக்காக மலிவான மாதவிடாய்த் துணி செய்யும் இயந்திரம் காணப் பல்லாண்டு முயன்றார், பழிச்சொல் கேட்டார், பலமுறை தோற்றார். 2016இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நம் வணிகர் ஒருமுறை தோற்றாலே அடகு வைத்த நகை மூழ்கிவிடுகிறதே! 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை நூற்றுக்கு 7.5இலிருந்து 14.5ஆக ஒரே நாளில் உயர்த்திற்று. அவ்வீதம் பின்னர் இறங்கியது. தெருமுனை வட்டிக்காரனின் வீதம் இறங்கியதா?

இன்னொரு தடையும் உண்டு. வங்கிக் கடனுக்கு வணிகப் பதிவு வேண்டும். பதிவுக்குப் படிவம் வேண்டும். படிவம் புரியாதவர் தரகரிடம் போகிறார். அல்லது வீடு திரும்புகிறார். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் 16ஆம் திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழில் அலுவல் புரியும் உரிமையை அளித்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை மேசைக்குக் கொண்டுவருவது நம் கடமை!

ஆகவே இரண்டு பணிகளை இன்றே மேற்கொள்வோம். சட்டமறிந்த நாம், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைதோறும் அமர்ந்து, கட்டணமின்றிப் பதிவுப் பத்திரங்களை நிரப்பித் தருவோம். தமிழ்ப் படிவம் மறுக்கப்பட்டால் எழுத்தில் முறையிடுவோம். தாய்மார்களே, நீங்கள் சீட்டுப் பிடிக்கிறீர்கள், ஒருவரையொருவர் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையைச் சட்டப்படி பதிந்த கூட்டுறவுச் சிக்கனச் சங்கமாக்குங்கள். புது முயற்சியில் இறங்கும் அயலாருக்கு அதிலிருந்து குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள்.

நாம் இரந்து நிற்கவில்லை, உரிமை கேட்கிறோம். ஒருமுறை வீழ்ந்தவர் மறுமுறை கடை திறக்கட்டும்! அந்நாளே நம் வெற்றி நாள்!